யூடியூப் ரிவ்யூ பார்த்து மகளுக்கு ஏர் பிஸ்டல் வாங்கலாமா?

தண்டையார்பேட்டையிலிருந்து ஒரு அப்பா கேட்டிருக்கிறார். எட்டாம் வகுப்பு படிக்கும் மகள் சில மாதங்களாக 10 மீட்டர் ஏர் பிஸ்டல், அதாவது காற்றழுத்தத்தில் சுடும் கைத்துப்பாக்கி, பழகுகிறாள். இப்போதைக்கு ரேஞ்ச் (சுடும் பயிற்சிக்கூடம்) துப்பாக்கியில்தான் சுடுகிறாள். யூடியூபில் மூன்று பேர் ஒரே மாடலை ஓகோவென்று புகழ்கிறார்கள், கோச் மட்டும் "அவசரப்படாதீங்க" என்கிறார். நகையை அடகு வைத்தாவது அந்த மாடலை வாங்கிவிடலாமா என்பது கேள்வி. மாடல் பெயரைச் சொல்லித்தான் கேட்டிருக்கிறீர்கள். ஆனால் எனக்குக் கேட்கும் கேள்வி இதுதான்: துப்பாக்கி பற்றி ஒன்றும் தெரியாத ஒரு தகப்பன், இவ்வளவு பணம் போடும்போது யார் பேச்சை நம்புவது?

வட சென்னையில் பல வருடங்களாகப் பிள்ளைகளுக்கு பிஸ்டல் சொல்லிக்கொடுக்கிறேன். ரைபிள் என் துறை இல்லை, அதனால் கீழே இருப்பதை ரைபிளுக்கு அப்படியே பொருத்திப் பார்க்காதீர்கள். சுருக்கமாகச் சொன்னால், நகையை இப்போது தொடாதீர்கள். உங்கள் மகள் எத்தனையோ மணி நேரம் அந்த ரேஞ்சில் நின்று சுட்டிருக்கிறாள். அவளுடைய கையும், அவள் சுட்ட டார்கெட் அட்டைகளும் சொல்வதை நம்புங்கள். ஆனால் அதையும் கண்ணை மூடிக்கொண்டு நம்பக்கூடாது. எந்த இடத்தில் அது ஏமாற்றும் என்பதையும் சொல்கிறேன்.

முதலில் வீடியோக்களில் அதிகம் பேசப்படும் விஷயம், துல்லியம். "ஐந்து குண்டும் ஒரே ஓட்டையில் போச்சு பாருங்க" என்று அட்டையைக் கேமரா முன்னால் காட்டுவார்கள். அது பெரும்பாலும் உண்மையாகவே இருக்கும். அதில் உங்களுக்கு என்ன லாபம் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். 10 மீட்டர் பிஸ்டல் டார்கெட்டில் பத்து வளையத்தின் விட்டம் 11.5 மில்லிமீட்டர். பெல்லட்டின், அதாவது அந்தச் சின்ன ஈயக் குண்டின், விட்டம் 4.5. பெல்லட்டின் ஓரம் வளையத்தைத் தொட்டாலே பத்துதான். அதாவது குண்டின் மையம் நட்ட நடுவிலிருந்து 8 மில்லிமீட்டர் தள்ளி விழுந்தாலும் பத்து கிடைக்கும். ஒன்பது, எட்டு என்று வெளியே போகப் போக ஒவ்வொரு வளையத்துக்கும் இன்னும் 8 மில்லிமீட்டர். போட்டிக்கென்று ஒழுங்காகச் செய்யப்பட்ட எந்த பிஸ்டலையும் வைஸில் (அசையாமல் பிடிக்கும் இரும்புப் பிடிப்பான்) இறுக்கிச் சுட்டால், அந்த 8 மில்லிமீட்டருக்குள் தாராளமாக அடங்கிவிடும். ஆகவே ஒரு துப்பாக்கி இன்னொன்றைவிட அரை மில்லிமீட்டர் நெருக்கமாகக் குண்டு போடுகிறது என்பது உங்கள் மகளின் ஸ்கோரில் இப்போது தெரியவே தெரியாது. அவள் ஏழு அடித்தால், எட்டு அடித்தால், அந்த விலகல் முழுக்கக் கையிலும் விரலிலும் இருந்து வருவது. இதில் எனக்குத் துளியும் சந்தேகம் இல்லை.

அடுத்தது வேகம். சில வீடியோக்களில் நொடிக்கு 1000 அடி என்று ஏதோ பெரிய பெருமை போலச் சொல்வார்கள். 10 மீட்டர் போட்டித் துப்பாக்கிகள் நொடிக்கு 150 மீட்டரை ஒட்டித்தான் சுடுகின்றன. அதாவது சுமார் 500 அடி. காகித அட்டையில் ஓட்டை போட அதற்கு மேல் ஒன்றும் தேவையில்லை. இன்னொன்றையும் கவனியுங்கள். 2016 ஆயுத விதிகளின்படி குழலின் உள்விட்டம் 4.5 மில்லிமீட்டருக்கு மிகாமலும், குண்டு வெளியேறும்போது அதன் ஆற்றல் 20 ஜூலுக்கு மிகாமலும் இருக்கும் ஏர் துப்பாக்கிக்கு லைசென்ஸ் வேண்டாம். 0.53 கிராம் எடையுள்ள சாதாரண பெல்லட் நொடிக்கு 1000 அடியில் போனால் கணக்கு 24 ஜூலைத் தாண்டுகிறது. ஒன்று, அந்த வேகத்தை மிக எடை குறைந்த பெல்லட் போட்டு எடுத்திருக்கிறார்கள். இல்லாவிட்டால் அது லைசென்ஸ் இல்லாமல் வைத்துக்கொள்ளக்கூடாத சாமான். வெளிநாட்டு வீடியோக்களில் இந்தக் கவலையே இருக்காது. அவர்கள் நாட்டுச் சட்டம் வேறு, அவர்களில் பலர் அதை வாங்குவது தோட்டத்தில் தகர டப்பா சுடவோ வேட்டைக்கோ. அவர்கள் அளவுகோலே வேறு. அதை வைத்து ஒரு பள்ளிக்கூடப் பிள்ளைக்கு சாமான் தேர்ந்தெடுக்க முடியாது.

இனி எந்த ரிவ்யூவிலும் கிடைக்காத விஷயம், கிரிப், அதாவது கைப்பிடி. உங்கள் மகளின் உள்ளங்கை அகலம், விரல் நீளம், மணிக்கட்டு இயல்பாக எந்தக் கோணத்தில் நிற்கிறது என்பதெல்லாம் அந்த மூன்று பேருக்கும் தெரியாது. அவர்களுக்கு அருமையாக உட்கார்ந்த கிரிப் இவளுக்கு ஒரு விரல்கடை பெரிதாக இருக்கலாம். பெரிய கிரிப்பைப் பிடிக்கும் சின்னக் கையைப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறீர்களா? ஆள்காட்டி விரலின் நுனி மட்டும்தான் ட்ரிகரை எட்டும். முதல் கணுவின் சதைப்பகுதி ட்ரிகரில் பதிந்து நேராகப் பின்னுக்கு வர வேண்டும். நுனியால் இழுத்தால் துப்பாக்கியைப் பக்கவாட்டில் தள்ளிவிடும். குண்டுகள் எல்லாம் ஒரே பக்கமாகப் போய்ச் சேரும். பிள்ளை "எனக்கு வரலை" என்று அழும். வீட்டில் "சைட்டைத் திருகு", அதாவது குறி பார்க்கும் பாகத்தைச் சரிசெய், என்பார்கள். கோளாறு கிரிப்பில் இருக்கும்.

இதை நீங்களே சோதிக்கலாம். குண்டு போடாத துப்பாக்கி, ரேஞ்சில் சுடும் இடத்தில், கோச் பக்கத்தில் இருக்கும்போது. வழக்கமாக நிற்பது போல மகள் நிற்கட்டும். கிரிப்பை ஒழுங்காகப் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடி, கையை டார்கெட் உயரத்துக்குத் தூக்கட்டும். ஒரு மூச்சு விட்டதும் கண்ணைத் திறக்கட்டும். முன் சைட் பின் சைட்டின் பள்ளத்துக்கு நடுவில், இரண்டு பக்கமும் சம வெளிச்சத்தோடு, மேல் மட்டமும் ஒன்றாக நின்றால் அந்தக் கிரிப் அவள் கைக்கு ஒத்துப்போகிறது. முன் சைட் ஒவ்வொரு முறையும் ஒரே பக்கம் ஒதுங்கி நின்றால் கோணம் ஒத்துவரவில்லை என்று அர்த்தம். ஒருமுறை பார்த்து முடிவு செய்யக்கூடாது. கையைக் கீழே இறக்கி, கிரிப்பை விட்டு, மறுபடி பிடித்துத் திரும்பத் திரும்பச் செய்யச் சொல்லுங்கள். நல்ல பிஸ்டல்களில் கிரிப்பின் கோணத்தைக் கொஞ்சம் திருப்பலாம், உள்ளங்கைக்குக் கீழே இருக்கும் பலகையை ஏற்றி இறக்கலாம். மர கிரிப் என்றால் தேய்க்கலாம், புட்டி வைத்து நிரப்பலாம். சின்ன, நடுத்தர, பெரிய அளவுகளில் கிரிப்பைத் தனியாகவும் வாங்கலாம். நாற்பது வயதுக்காரர் கை அளவுக்கு வந்த கிரிப்போடு பெட்டியை வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டு, பிள்ளை வளர்ந்ததும் சரியாகிவிடும் என்று நினைப்பதுதான் நான் அடிக்கடி பார்க்கும் பணச் சேதம். அதற்குள் அவள் கையில் தப்பான பழக்கம் ஊறிவிடும். அதை எடுப்பது புதிதாகச் சொல்லிக்கொடுப்பதைவிடக் கஷ்டம்.

எடையும் அப்படித்தான். போட்டி விதி 1500 கிராம் வரை அனுமதிக்கிறது, வழக்கமான பிஸ்டல்கள் ஒரு கிலோவை ஒட்டி இருக்கும். கையில் எடுத்துப் பார்க்கும்போது ஒரு கிலோ ஒன்றுமே இல்லை. ஒரு முழுப் போட்டி 60 குண்டு, 75 நிமிடம். 2018 முதல் பெண்களுக்கும் 60தான், அதற்கு முன் 40. ஒற்றைக் கையை நீட்டி, தோளில் நிறுத்தி, இறக்கி, மறுபடி தூக்கி, அப்படியே ஒரு மணி நேரத்துக்கு மேல். கடைசி இருபது குண்டில் அவள் தோள் என்ன ஆகிறது என்பதைப் பத்து நிமிட வீடியோவில் யாரும் காட்ட முடியாது. ரேஞ்சில் ஒரு நாள் முழுப் போட்டி சுடச் சொல்லி, நீங்கள் பின்னால் உட்கார்ந்து பாருங்கள்.

ட்ரிகரைப் பொறுத்தவரை குறைந்தபட்சம் 500 கிராம் இழுப்பு இருக்க வேண்டும் என்பது விதி. துப்பாக்கியைச் செங்குத்தாகப் பிடித்து, ட்ரிகரில் 500 கிராம் எடையை மாட்டித் தூக்கிப் பார்ப்பார்கள். எடை மேலே வந்துவிட்டால் பாஸ். ட்ரிகர் விட்டுக்கொடுத்துவிட்டால் திருத்திக்கொண்டு வரச் சொல்வார்கள். எல்லாப் போட்டி பிஸ்டலிலும் இதைச் சரிசெய்ய முடியும் என்பதால், "ட்ரிகர் வெண்ணெய் மாதிரி இருக்கு" என்ற பேச்சுக்கு நான் பெரிய மதிப்புத் தருவதில்லை. அவர் தனக்குப் பிடித்தபடி வைத்திருக்கிறார், அவ்வளவுதான். மெக்கானிக்கல் ட்ரிகரா எலெக்ட்ரானிக் ட்ரிகரா என்ற சண்டையில் இரண்டு பக்கமும் நல்ல சுடுநர்கள் இருக்கிறார்கள். தொடக்க நிலையில் ஒன்று மற்றதைவிட அதிக ஸ்கோர் கொடுக்கும் என்பதற்கு என் அனுபவத்தில் ஆதாரம் எதுவும் பார்த்ததில்லை.

இப்போது சொந்த அனுபவம் எங்கே ஏமாற்றும் என்ற விஷயத்துக்கு வருகிறேன். புதுத் துப்பாக்கியைக் கையில் கொடுத்து பத்து குண்டு சுடச் சொன்னால் பெரும்பாலான பிள்ளைகள் நன்றாகச் சுடுவார்கள். புதுசு என்ற உற்சாகத்தில் கவனம் கூடிவிடுகிறது. இரண்டு மூன்று வாரத்தில் பழைய ஸ்கோருக்கே திரும்பிவிடுவார்கள். அப்புறம், தொடக்க நிலைப் பிள்ளைக்கு ஒரே துப்பாக்கியில், ஒரே நாளில், பத்து குண்டு சீரிஸ் ஒன்றுக்கும் அடுத்ததுக்கும் நாலைந்து புள்ளி ஏறி இறங்குவது சாதாரணம். அதனால் "இதுல 88, அதுல 84, இதுதான் நல்ல துப்பாக்கி" என்று ஒரு சனிக்கிழமையில் முடிவுகட்டினால் அது சீட்டுக் குலுக்கிப் போட்டது மாதிரிதான். ஒப்பிட வேண்டுமானால் ஒரு துப்பாக்கியில் பத்து, அடுத்ததில் பத்து என்று மாற்றி மாற்றிச் சுடட்டும். ஒரே பெல்லட். வெவ்வேறு நாட்கள். ஒரு நாள் இதில் தொடங்கினால் அடுத்த நாள் அதில் தொடங்கட்டும், ஏனென்றால் இரண்டாவதாக வருவது எப்போதும் களைத்த கையில் சுடப்படும். எல்லா அட்டையிலும் தேதி எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

ஸ்கோரைவிட நான் அதிகம் நம்பும் ஒரு சோதனை உண்டு. குண்டு போனதும், அட்டையைப் பார்ப்பதற்கு முன்னால், எங்கே விழுந்திருக்கும் என்று பிள்ளை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். "எட்டு, இடது கீழே." பிறகு அட்டையைப் பார்க்கிறோம். சொன்ன இடத்தில் ஓட்டை இருந்தால் துப்பாக்கி அவள் செய்ததைத்தான் செய்கிறது, அதன்மேல் பழி போட ஒன்றும் இல்லை. அவள் நன்றாக விட்டேன் என்று சொல்லும் குண்டுகள் திரும்பத் திரும்ப எங்கேயோ போனால் மட்டும்தான் பெல்லட், சைட் திருகு, துப்பாக்கி என்று நான் பார்க்கத் தொடங்குவேன். சொல்வதும் விழுவதும் ஒத்துப்போகிற நிலைக்கு வராத பிள்ளைக்கு எந்தத் துப்பாக்கி பொருந்தும் என்பதை நானும் உறுதியாகச் சொல்ல மாட்டேன். கோச் "அவசரப்படாதீங்க" என்பதன் காரணம் அதுவாகவே இருக்கும். ரேஞ்ச் துப்பாக்கியில் இன்னும் கொஞ்ச காலம் சுடுவது அவளைப் பின்தங்க வைக்காது.

வீடியோவே பார்க்காதீர்கள் என்று சொல்லவில்லை. கிரிப்பை எப்படிக் கழற்றுவது, காற்று அடைத்த சிலிண்டரை எப்படி மாட்டுவது, சைட் திருகு எந்தப் பக்கம் திருப்பினால் குண்டு எங்கே நகரும், இதற்கெல்லாம் வீடியோ மாதிரி உதவி கிடையாது. கோளாறைப் பற்றிப் பேசும் வீடியோக்களையும் பாருங்கள், குறிப்பாக ஒரு வருடம் வைத்திருந்துவிட்டுப் பேசுபவர்களை. பெட்டியைப் பிரித்த அன்றே "இதுக்கு மேல ஒண்ணும் இல்ல" என்பவரை நம்ப என்ன இருக்கிறது? விளம்பரத்துக்குப் பணமோ சாமானோ வாங்கினால் அதை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்று இந்திய விளம்பரத் தர நிர்ணயக் கவுன்சில் 2021-இலும், மத்திய அரசு 2023-இலும் வழிகாட்டு நெறிகள் வெளியிட்டிருக்கின்றன. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில், தவறாக வழிநடத்தும் விளம்பரத்துக்கு முகம் கொடுப்பவருக்கு 10 லட்சம் வரை அபராதம் விதிக்க இடம் இருக்கிறது. ஆகவே மூன்று பேரும் ஒரே மாடலை, ஒரே வாரத்தில், ஒரே வார்த்தைகளில் புகழ்ந்தால், கீழே வாங்கும் லிங்க்கும் தள்ளுபடிக் குறியீடும் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தாலே பொய் என்று ஆகிவிடாது. துப்பாக்கி நல்லதாகவே இருக்கலாம். ஆனால் மூன்று சாட்சி என்று எண்ணாதீர்கள், ஒன்று என்று எண்ணுங்கள்.

நம்ம பக்கத்துக்கென்று ஒரு விஷயம் இருக்கிறது, அதை டெல்லியிலோ புனேயிலோ உட்கார்ந்து ரிவ்யூ போடுபவர் யோசிக்கவே மாட்டார். கடற்காற்று. காசிமேடு, ராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர் வரைக்கும் ஜன்னல் கம்பி, சைக்கிள் செயின், கேஸ் அடுப்பு எல்லாம் எப்படித் துரு ஏறுகிறது என்று உங்களுக்கே தெரியும். உப்பும் ஈரமும் சேர்ந்த காற்று இரும்பு ஸ்க்ரூவை விடாது. துப்பாக்கியோடு வரும் பெட்டியில் இருக்கும் ஸ்பாஞ்ச் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். ஐப்பசி, கார்த்திகை மழையில் வேர்த்த கையோடு சுட்டுவிட்டு அப்படியே பெட்டியில் பூட்டி வைத்தால், ஒரு வாரத்தில் ட்ரிகர் பக்கத்து ஸ்க்ரூ தலையில் செம்மண் நிறப் புள்ளி தெரியும். கை பட்ட இடத்தைக் காய்ந்த துணியால் துடைத்து, பெட்டியைக் கொஞ்ச நேரம் திறந்து வைத்து, சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு வையுங்கள். பொட்டலத்தை அவ்வப்போது மாற்ற வேண்டும். சிலிண்டரில் அடைப்பது 200 பார் அழுத்தக் காற்று. ஹேண்ட் பம்பில் அடித்தால் இந்த ஊர் ஈரமும் சேர்ந்து உள்ளே போகும். அதனால் ஈரம் பிடிக்கும் ஃபில்டர் இருக்கிற பம்பா என்று கேளுங்கள், அல்லது ரேஞ்சில் இருக்கும் பெரிய சிலிண்டரிலிருந்து நிரப்பிக்கொள்ளுங்கள்.

இதனால்தான் மாடலைவிட, அந்த மாடலுக்கு சீல், வாஷர், ஸ்ப்ரிங் சென்னையில் கிடைக்குமா, பிரித்து மாட்டத் தெரிந்தவர் யார் என்பதை முதலில் கேட்கச் சொல்வேன். 2021-இல் டோக்கியோ ஒலிம்பிக்கில் மனு பாக்கருக்குத் தகுதிச் சுற்றின் நடுவில் பிஸ்டல் கோளாறாகி, சரிசெய்வதில் நிமிடங்கள் போய், இறுதிச் சுற்றுக்குள் நுழைய முடியவில்லை. 2024-இல் பாரிஸில் அதே 10 மீட்டர் ஏர் பிஸ்டலில் வெண்கலம் வென்றார். உலகத் தரத்துத் துப்பாக்கியும் கோளாறாகும். அங்கே உடனே பார்க்க ஆள் இருந்தார்கள். உங்கள் மகளுக்கு மாவட்டப் போட்டிக்கு முந்தின நாள் காற்று கசிந்தால் யார் பார்ப்பார்? உங்கள் ரேஞ்சில் நாலு பேர் வைத்திருக்கும் மாடலை வாங்கினால் அன்றைக்கு ஒரு சீல் கடன் கிடைக்கும். யூடியூபில் மட்டும் இருக்கும் மாடலுக்கு அது கிடைக்காது.

பணத்தைப் பற்றிக் கடைசியாக. வெளிநாட்டு போட்டி பிஸ்டல்கள் லட்சத்தைத் தாண்டும். இந்தியத் தயாரிப்புகள் அதைவிடக் குறைவு. மேலே சொன்ன 8 மில்லிமீட்டர் கணக்கின்படி பார்த்தால், கிரிப் ஒத்துப்போகிற, ட்ரிகர் சீராக இருக்கிற இந்தியத் துப்பாக்கி உங்கள் மகளுக்கு முதல் சில வருடங்களுக்குப் போதும். சீனியர் பிள்ளை யாராவது புதுசுக்கு மாறும்போது பழையதைக் கொடுப்பார்கள், கோச்சிடம் சொல்லி வையுங்கள். அப்படி வாங்கும்போது சிலிண்டரில் பொறித்திருக்கும் தேதியைப் பாருங்கள். பொதுவாக உற்பத்தியான நாளிலிருந்து 10 வருடம்தான் அதன் ஆயுள். காலாவதியான சிலிண்டரைப் போட்டியில் அனுமதிக்க மாட்டார்கள், அது ஆபத்தும்கூட. புதுச் சிலிண்டர் விலையைக் கழித்துக்கொண்டுதான் பேரம் பேச வேண்டும். புதிதோ பழையதோ, பில்லும் கைமாறிய விவரமும் எழுத்தில் இருக்கட்டும். டீலர் அடையாள அட்டை கேட்பார், கொடுங்கள். கேட்காமல் விற்கும் ஆளிடம் வாங்காதீர்கள்.

வாங்குவதற்கு முன்பே வீட்டில் ஒரு பூட்டு போட்ட இடம் தயாராக இருக்க வேண்டும். சாவி உங்களிடம். தம்பி தங்கச்சி, பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் கைக்கு எட்டக்கூடாது. மாடியில் நின்று காக்கா, புறா சுட்டுப் பழகுகிறேன் என்று யாரும் தொடங்கக்கூடாது. அது குற்றம், பக்கத்து மாடியில் துணி காயப்போடுகிறவர் கண்ணுக்கும் ஆபத்து. பெல்லட் ஈயம். சுட்டு முடித்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவாமல் டிபன் பாக்ஸைத் திறக்கக்கூடாது என்று மகளிடம் இன்றைக்கே சொல்லிவிடுங்கள், அதற்குச் சொந்தத் துப்பாக்கி வரும்வரை காத்திருக்க வேண்டாம். அடுத்த முறை ரேஞ்சுக்குப் போகும்போது கோச்சிடம் அந்தக் கண் மூடும் சோதனையைச் செய்து காட்டச் சொல்லுங்கள். ரேஞ்சில் இருக்கும் எல்லா பிஸ்டலிலும் செய்து பாருங்கள், எந்தக் கிரிப் அளவு அவளுக்கு ஒத்துவருகிறது என்று எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அந்த அளவு தெரிந்த பிறகு மாடல் பெயரோடு திரும்பக் கேளுங்கள், இன்னும் குறிப்பாகச் சொல்கிறேன்.